மூலவரும் கம்பத்து உற்சவரும்

பெற்ற பிள்ளையை ஊர் முழுக்கத் தத்துக் கொடுத்துவிட்டு, எடுத்துப் போனவர்கள் அதற்குப் பவுடர் பூசினார்கள் என்று சண்டைக்கு நின்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தேனி கடைத்தெருவில், பாத்திரக்கடை மாடியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். இரண்டாயிரத்துச் சொச்சம். நான் அங்கே கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை என்றது ஒரு சாஃப்ட்வேரை. தமிழில் டைப் அடித்துப் பத்திரிகையாக வடிவமைக்க அவரே எழுதியது. இலவசம். அதுகூடப் பரவாயில்லை, அதை எழுதிய மூல நிரலையும் சேர்த்து சிடியில் போட்டுக் கொடுத்துவிடுவார். "எடுத்துட்டுப் போங்க. பிரிச்சுப் பாருங்க, மாத்துங்க, நாலு பேருக்குக் குடுங்க. மாத்துனதை எனக்கும் ஒரு காப்பி காட்டிருங்க, அம்புட்டுத்தான்" என்பார். வந்தவர்கள் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வாங்கிப் போவார்கள்.

அந்த சாஃப்ட்வேருக்கு அழகு என்று ஒன்று கிடையவே கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. "ஒரு கலர் போடக் கூடாதாண்ணே?" என்று கேட்டால் போச்சு. "எழுத்து தெரியுதுல்ல? பெறகென்ன? பொருட்காட்சியா நடத்துறோம்?" என்று எரிந்து விழுவார்.

கம்பத்தில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் கலர் போட்டார். நிரலை எடுத்துப் போய்ப் பூ பார்டர் வைத்தார், குத்துவிளக்கு வைத்தார், திறந்தவுடன் டிங் டிங் என்று கோயில் மணி அடிக்கவும் வைத்தார். கொஞ்ச நாளில் சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுக்க அதுதான். அசல் இருட்டறையில் அசையாமல் உட்கார்ந்திருக்க, அலங்காரம் செய்துகொண்டது வீதியுலா போனது. கடைத்தெரு சும்மா இருக்குமா? இவருக்கு மூலவர் என்றும் அவருக்கு உற்சவர் என்றும் பேர் வைத்துவிட்டார்கள்.

மூலவருக்கு வயிறு எரிந்தது. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. மாற்றிக்கொள்ளச் சொன்னதே அவர்தானே! அதனால் நிரலுக்குள் திட்டினார். நிரலின் நடுவே, அதைப் படிக்கிற ஆட்களுக்காகக் குறிப்பு எழுதி வைக்கலாம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. உற்சவரின் சாஃப்ட்வேரில் கோளாறு என்று காதில் விழுந்தால் போதும், யாரும் கேட்காமலே உட்கார்ந்து சரிசெய்வார். சரிசெய்த இடத்துக்கு மேலே இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு இருக்கும்: 'மாப்பிள்ளை பேரு பாதி மேல, பாதி கீழ கெடக்கு. மணி ஆட்டுனா மட்டும் ஆச்சா?' தன் நிரலின் புதுக் காப்பியையும் அதோடு சிடியில் போட்டு, கம்பம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவார். அடுத்த வாரம் இவருடைய தப்பு ஒன்றைத் திருத்தி உற்சவர் அனுப்புவார். அதிலும் ஒரு குறிப்பு: 'அண்ணே, இருட்டுல இந்த ஓட்டை ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.' இத்தனைக்கும் நேரில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு ஐப்பசி மத்தியானம் இடி இறங்கியது. ஸ்டெபிலைசர் புகைந்தது, கம்ப்யூட்டர் அணைந்தது, ஹார்ட் டிஸ்க் ஒரேயடியாகப் போனது. அவர் வருஷக்கணக்காக எழுதியதெல்லாம் அதில்தான் இருந்தது.

"காப்பி இருக்குல்லண்ணே?"

"இருந்துச்சு."

வாரந்தோறும் காப்பி எடுத்து டிராயரில் வைப்பார். யாராவது வந்து கேட்டால் அதையே எடுத்துக் கொடுத்துவிடுவார். மற்றவர்கள் எல்லாரும் உற்சவருடையதற்கு மாறி, பழசை எப்போதோ அழித்திருந்தார்கள். கடைசி சிடியை வாங்கிப் போனவர் சுருளிப்பட்டித் திராட்சைக்காரர். இரண்டு பேரும் பஸ் பிடித்து ஓடினோம்.

"சிடியா? அங்கன பந்தல்ல தொங்குது பாருங்க" என்றார் அவர் சந்தோஷமாக. "மினுமினுன்னு ஆடுதா, ஒரு குருவி அண்ட மாட்டேங்குது. நல்ல சிடிண்ணே!"

வெயிலிலும் மழையிலும் தோல் உரிந்து, குலைகளுக்கு நடுவே சிடி ஆடிக்கொண்டிருந்தது. மூலவர் அதை அண்ணாந்து பார்த்தார். "ஆமா, நல்ல சிடிதான்" என்று சொல்லிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"கம்பம் பக்கந்தானண்ணே, ஒரு எட்டு போயிருவமா?"

"அவன்கிட்டயா? அவன் பூவையும் மணியவுந்தான் வச்சிருப்பான்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். ஸ்டூடியோவில் எங்களைக் கண்டதும் உற்சவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வாங்கண்ணே, உக்காருங்க. இடி விழுந்துச்சுன்னு கண்டக்டர் சொன்னாக. ஒங்களோடதை மூணு சிடில காப்பி போட்டு வச்சிருக்கேன்."

மூலவர் அனுப்பிய ஒவ்வொரு சிடியும், முதல் நாள் வாங்கிப் போனதிலிருந்து போன வாரம் வந்தது வரை, அவர் கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்தது. மூலவர் திறந்து பார்த்தார். மணியாட்டி, பவுடர் டப்பா, பூ கட்டுற பய என்று தான் எழுதிய திட்டு அத்தனையும் அப்படியே கிடந்தது.

"ஏலே, திட்டுனதையாவது அழிச்சிருக்கலாம்ல?"

"நீங்க எழுதுனதுண்ணே அது. பூ வக்கிறதெல்லாம் என்னோடதுலதான். நீங்க அனுப்புனதுல ஒரு புள்ளிகூட மாத்துனதில்ல."

மூலவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் வெகுநேரம் துடைத்தார். பிறகு, "அந்த மணி எந்த ஃபைல்ல இருக்கு?" என்றார்.

"எதுக்குண்ணே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுலே."

சண்டை தீர்ந்ததா என்றால், அதெல்லாம் இல்லை. மறுவாரமே கண்டக்டர் கையில் புதிய திட்டோடு சிடி போனது. ஆனால் அதிலிருந்து, மூலவரின் கறுப்புத் திரையும் டிங் டிங் என்று மணி அடித்துத்தான் திறக்கிறது. நிரலில் அந்த மணிக்கு மேலே ஒரு குறிப்பு உண்டு: 'கம்பத்துத் தம்பி குடுத்தது. யாரும் கை வைக்காதீக.'

இந்தக் கட்டுரையையும் அதில்தான் அடித்தேன். "அந்த மணியை நிப்பாட்டக் கூடாதா?" என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். நிப்பாட்டத் தெரியும். மனசுதான் வரவில்லை.