காந்தக் குகை கட்டிய ஏகநாதன்

"மாசக்கணக்கா உட்கார்ந்து கட்டறேன். அரை மணியில பாழ் பண்ணிடறானுங்க!"

இப்படி ஒருவர் உங்களிடம் அலுத்துக்கொண்டால், பாவம், வீடு கட்டுகிறார், மேஸ்திரி சரியில்லை என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். மின்சார ரயிலில் ஏகநாதனிடம் ஒரு பெரியவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். "சிமெண்டுலயே கலப்படம் பண்றாங்க தம்பி" என்று அவர் அன்பாக ஆரம்பிக்க, "சிமெண்ட் இல்ல சார், குகை" என்றான் ஏகநாதன். "குகையா?" "ஆமா சார். உள்ள எலும்புக்கூடெல்லாம் வெச்சிருக்கேன்." தாம்பரத்தில் ஏறிய பெரியவர் சானடோரியத்திலேயே இறங்கிவிட்டார். அவர் போக வேண்டியது மாம்பலம்.

இந்த இனத்துக்குக் குகைகட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். தூக்கணாங்குருவி தான் குடியிருக்கக் கூடு கட்டும். குகைகட்டி, அடுத்தவன் வந்து மாட்டிக்கொள்ளக் கட்டும். மற்றபடி உழைப்பு ஒன்றுதான்.

விஷயம் இதுதான். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன், ஒரு தடிப் புத்தகத்தையும் இருபது முகம் உள்ள ஒரு பகடையையும் ஏகநாதனிடம் விட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது, வாய்தான் எல்லாம். ஒருவர் குகைக்குச் சொந்தக்காரர். "நீங்க ஒரு இருட்டு மண்டபத்துல நிக்கறீங்க, மேல ஏதோ அசையுது" என்று அவர் சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு "நான் கத்தியை உருவறேன்", "நான் ஓடறேன்" என்பார்கள். உருவிய கத்தி பாய்ந்ததா, ஓடியவன் பிழைத்தானா என்பதைப் பகடை முடிவு செய்யும். புதையலோடு வெளியே வந்தால் ஆட்டக்காரர்களுக்கு வெற்றி. குகைக்காரருக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, எல்லோரும் சந்தோஷமாக இருந்தால் அதுவே போதும் என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. ஏகநாதன் இரண்டாம் பக்கத்திலிருந்து படித்தவன்.

மேற்குத் தாம்பரத்தில் அவன் வீட்டு மாடியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறை. ஞாயிறு மத்தியானம், வெயில் தலைக்கு மேலே தகரம் அடிக்கிற நேரத்தில், அவனை நம்பி அங்கே வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் சிட்டிபாபு, கீழ்க்கட்டளையில் பெயிண்டுக் கடை. அப்பா காலத்தில் நாற்று நட்ட குடும்பம், இப்போது அதே நிலத்தில் பிளாட்டுக்குக் கல் நட்டுக்கொண்டிருந்தது. இன்னொருவன் லாசரஸ், மருந்துக் கம்பெனி ரெப். காலையில் சர்ச்சுக்குப் போட்ட இஸ்திரிச் சட்டை கசங்காமல் வந்து பாயில் உட்காருவான்.

வந்து? சாவார்கள். சிட்டிபாபுவின் முதல் வீரன் குகைப் படியில் கால் வைத்தான். படி வாயைத் திறந்து விழுங்கிவிட்டது. இரண்டாவது வீரன் உஷாராகி அந்தப் படியைத் தாண்டிக் குதித்தான். தாண்டிக் குதிப்பவர்களுக்கென்றே அடுத்த படியை வைத்திருந்தான் ஏகநாதன். மூன்றாவது வீரன் படியே வேண்டாம் என்று கயிறு கட்டி இறங்கினான். கயிறு பாம்பு. லாசரஸின் மந்திரவாதி ஊற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்தான்.

"விஷம்னு தெரிய வேணாமா? ஏன்டா குடிச்சே?"

"தாகத்துல நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு நீதானடா சொன்னே!"

இதற்குப் பிறகுதான் ஏகநாதன் அந்தப் புகழ்பெற்ற வரியைச் சொல்லி அலுத்துக்கொள்வான். செத்தவர்கள் எழுந்து போய்க் கங்கையம்மாள் அனுப்பிய காபியைக் குடிப்பார்கள். கங்கையம்மாள் அவன் அம்மா.

கடைசியில் ஒருநாள் சிட்டிபாபு செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டான்: "இன்னா மச்சான், வாராவாரம் பஸ் ஏறி வந்து செத்துகினு போறதுக்கு நான் இன்னா வேண்டுதலா? வர்ற ஞாயித்துக்கெழமையும் சாவடிச்சே, அவ்ளோதான். அப்பால நான் மேட்ச் பாக்கப் போயிடுவேன்." லாசரஸ் தலையை ஆட்டினான். அவனுக்கு மேட்ச் பிடிக்காது. இருந்தும் ஆட்டினான்.

அன்று ஏகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும் இந்த விளையாட்டுக்கு வேறு ஆள் கிடைக்காது. ஆள் இல்லாத குகை வெறும் பொந்து. இந்த இரண்டு பேரை விட்டுவிடக் கூடாது.

நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்? நண்பர்கள் முகம் மலர, சுலபமாக ஒரு குகை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு புதையல் என்று வைத்திருப்போம். குகைகட்டி அப்படி யோசிக்காது. "கொல்லக் கூடாது, அவ்வளவுதானே? கொல்ல மாட்டேன். கோவணத்தோடு அனுப்புகிறேன்" என்று யோசித்தது அது. அப்படிப் பிறந்ததுதான் காந்தக் குகை.

சுவரெல்லாம் காந்தக் கல். உள்ளே நுழைந்ததும் வாள் கையை விட்டுப் பறந்து சுவரில் ஒட்டும். கேடயம் ஒட்டும். இரும்புக் கவசம் போட்டவன் கவசத்தோடு எழும்பி, விட்டத்துப் பல்லி மாதிரி கூரையில் ஒட்டிக்கொள்வான். வாரை அறுத்துக்கொண்டு விழுந்தால், நிராயுதபாணியாக, உள்ளாடையோடு நிற்பவனைத் துரத்தியடிக்க மரத்தாலான தடி வைத்திருக்கும் ஒரு பூதம். அதற்கு இரும்பே அலர்ஜி. எவ்வளவு அழகு!

ஏனோதானோ வேலை அல்ல இது. கெட்டுப்போன ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வீடு முழுக்கச் சோதித்தான். தோசைக்கல் ஒட்டியது, அரிவாள்மணை ஒட்டியது, தாழ்ப்பாள் ஒட்டியது, செருப்பில் இருந்த ஆணி செருப்போடு ஒட்டியது. ஒவ்வொன்று ஒட்டும்போதும் "ஆஹா" என்றான். "சமையக்கட்டுல என்னடா ஆஹா?" என்றாள் கங்கையம்மாள். ஒட்டாததை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பொறி வைக்கிறவன் கண்ணுக்குச் சிக்குவது மட்டும்தான் தெரியும். சிட்டிபாபு கூரையில் ஒட்டிக்கொண்டு தொங்கும் முகத்தை நினைத்து நினைத்து, ரயிலில் தனியாகச் சிரித்தபடி ஆபீஸ் போனான். பக்கத்து சீட் காலியாகவே இருந்தது.

ஞாயிறும் வந்தது. சிட்டிபாபுவோடு அவன் அக்கா காந்திமதியும் வந்தாள். டெலிபோன் ஆபீஸில் வேலை. "வாராவாரம் எங்க போய் செத்துட்டு வர்றான்னு பார்க்க வந்தேன்" என்றாள். ஆட்டத்தில் அவளுக்கு வியாபாரி வேஷம் கிடைத்தது.

குகைக்கு முன்னால் வழக்கம்போல ஒரு கிராமம், கிராமத்தில் பச்சையம்மா சத்திரம். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும்: ஏகநாதனுக்குக் குரல் மாற்றிப் பேச அபாரமாக வரும். பூதம் பேசினால் பூதம்தான், பச்சையம்மா பேசினால் பச்சையம்மாதான். அவனைக் கேட்டால், அதெல்லாம் சும்மா, குகைதான் முக்கியம் என்பான்.

"வா கண்ணு, வா நைனா, குந்து," என்றாள் பச்சையம்மா, அதாவது இடுப்பில் கை வைத்த ஏகநாதன். "மூஞ்சி இன்னா வாடிப்போய் கீது? இந்தா, எவர்சில்வர் டம்ளர்ல, மூஞ்சி தெரியற மாதிரி பளபளன்னு வெளக்கி, சுடச்சுட காபி. துட்டு அப்பால தா. அந்தக் குகைக்கா போறே? வாணாம் ராசா. போன மாசம் ஒருத்தன் அரிவாளும் கையுமா போனான். கோவணத்தோட ஓடியாந்தான்."

"அரிவாள்?" என்றாள் காந்திமதி.

"அரிவா வர்லமா."

"இரும்பு போச்சு, துணி வந்துச்சு. அப்ப உள்ள காந்தம்" என்று சொல்லிவிட்டு, காந்திமதி நிஜக் காபியை ஆற்ற ஆரம்பித்தாள்.

ஏகநாதன் இடுப்பிலிருந்த கையை எடுத்தான். "மரக் கத்தி செஞ்சுக்கலாமா?" என்றான் லாசரஸ். "இரு தம்பி" என்றாள் காந்திமதி. "பச்சையம்மா, இந்த டம்ளர் எவர்சில்வர்னுதானே சொன்னீங்க? பாத்திரக் கடையில நாங்க காந்தம் வெச்சுப் பார்த்துத்தானே வாங்குவோம்? நல்ல எவர்சில்வர்னா ஒட்டாதே! உங்க பாத்திரத்தையே கவசமா போட்டுக்கறோம்."

ஏகநாதன் ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து, தன் காபி டம்ளரில் வைத்தான். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தான். கங்கையம்மாள் பார்த்துப் பார்த்து வாங்கிய டம்ளர். விழத்தான் செய்தது.

"அந்தக் காலத்துல எவர்சில்வரே கிடையாதுக்கா!"

"கொடுத்தது யாரு?"

"அது... வாய் தவறி வந்துடுச்சு."

"தோ பார்றா," என்றான் சிட்டிபாபு, "கயிறு பாம்பாவுற ஊர்ல டம்ளர் எவர்சில்வரா இருக்கக்கூடாதா?"

ஏகநாதன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். பச்சையம்மா விற்கமாட்டாள். "அல்லாம் எங்கம்மா வூட்டுச் சீரு. காசு குட்த்தாலும் தரமாட்டேன்!" என்றாள் பச்சையம்மா, கறாராக.

"காசு யார் தர்றா? பழைய துணிக்குப் பாத்திரம்" என்றாள் காந்திமதி. "இதோ பாருங்க, மந்திரவாதியோட பட்டு அங்கி. ஜரிகை ஒரு சாண்."

தெருவில் கூடையோடு போகும் பாத்திரக்காரிகளுக்கும் தன் அம்மாவுக்கும் நடக்கும் யுத்தங்களை மாடியிலிருந்து கேட்டே வளர்ந்தவன் ஏகநாதன். அவனால் அடக்க முடியவில்லை. அங்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தான். "இன்னாம்மா இது, பூச்சி துன்னுகீது? ஜரிகை கறுத்துப்பூட்ச்சு. இதுக்கு ஒரு கரண்டி தரலாம்."

"கரண்டியா! அண்டா கொடுங்க."

"அண்டாவா! வயிறு எரியுது தாயி. இன்னும் நாலு துணி போடு."

"துணிக்கு இன்னா பஞ்சம்?" என்று குதித்தான் சிட்டிபாபு. "இவன் சாவடிச்ச என் ஆளுங்க துணிமூட்டை அல்லாம் கீதுக்கா! படி முழுங்குனது ஆளைத்தானே, மூட்டை மேலதானே இருந்துச்சு!"

பச்சையம்மா ஒவ்வொரு வேட்டியாக உதறினாள். கிழிசலைக் கண்டுபிடித்தாள். மூக்கைப் பொத்தினாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொந்தச் சத்திரத்தை விட்டே புறப்பட்டாள், திரும்பக் கூப்பிட்டதும் வந்தாள். லாசரஸ் இஸ்திரிச் சட்டை கசங்குவது தெரியாமல் பாயில் உருண்டு சிரித்தான். சத்தம் கேட்டு மேலே வந்த கங்கையம்மாள், "அடிச் சண்டாளி, அந்த வேட்டிக்கு ஒரு மூடியாவது சேர்த்துக் கொடேன்" என்று காந்திமதி கட்சியில் சேர்ந்துகொண்டாள். வெயில் இறங்கியபோது பேரம் படிந்தது. அடிப்பாகத்தைத் தட்டி எடுத்த அண்டா சிட்டிபாபுவுக்குக் கவசம், தாம்பாளம் கேடயம், தூக்குச் சட்டி தலைக்கவசம். எல்லாவற்றிலும் பெயர் வெட்டித் தர வேண்டும் என்று காந்திமதி கேட்க, பச்சையம்மா அதற்கும் ஒத்துக்கொண்டாள்.

குகை? ஆமாம், அதுவும் இருந்தது. போனார்கள். காந்தச் சுவர் சும்மா நின்றது. பூதம் ஓங்கி அண்டாவில் ஒரு போடு போட்டது. கணீரென்று எழுந்த ஓசையில் அதுவே காதைப் பொத்திக்கொள்ளும்படி பகடை விழுந்தது. புதையலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"மச்சான்," என்றான் சிட்டிபாபு மாடிப்படி இறங்கிக்கொண்டே, "சத்தியமா சொல்றேன், இன்னைக்குத்தான் பேஜார் இல்லாம இருந்துச்சு. அடுத்த வாரம் அல்லாரும் வர்றோம். குகை கிகை வாணாம். பச்சையம்மா போதும்."

ஏகநாதன் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆள் போகவில்லை, ஒரு ஆள் கூடவே சேர்ந்திருக்கிறது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும்தானே?

சிரிக்கிறீர்கள். நீங்கள் குகை கட்டுவதில்லை, தெரியும். ஆனால் குடும்பத்தை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போக நீங்கள் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட, அவர்களோ கேளம்பாக்கத்தில் டீ குடிக்க நின்ற மரத்தடியிலேயே கும்மாளம் போட ஆரம்பித்தபோது, "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்று விரட்டியது யார்? உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் ஏற்பாடு செய்த கச்சேரியை விட்டுவிட்டுப் பந்தியில் ஜனம் சிரித்தபோது, அந்தப் பக்கம் விளக்கை அணைக்கச் சொன்னது யார்? அது யாரென்று பார்க்கக் கண்ணாடி எல்லாம் வேண்டாம். மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏகநாதன் கீழே பார்த்துச் சொன்ன பதிலைக் கேளுங்கள். குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தால், நான் பொறுப்பில்லை:

"வாங்க, தாராளமா வாங்க. ஆனா பச்சையம்மா செத்துட்டா. நீங்க குகைக்குள்ள இருந்தப்பதான், திடீர்னு. சாவுக்கு வர்ற இடத்துல எவனாவது சிரிச்சான், பகடை கூட உருட்ட மாட்டேன், அங்கேயே கொன்னுடுவேன்!"