திரும்பி வராத பன்னிரண்டு யோ-யோ

கையால் செய்கிற எந்த வேலையும் எனக்கு வரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அறுபத்திரண்டு வயதுவரை அந்த வாய்க்கு ஒரு சேதமும் வரவில்லை. (வந்தபோது மொத்தமாக வந்தது.)

சப்பாத்திக் குழவி ஒன்று கடைந்து வாங்கக் கீர்த்தி நகர் மரப்பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே தச்சு மிஸ்திரி மிச்சக் கட்டையில் ஒரு யோ-யோ கடைந்துகொண்டிருந்தார். சுழலும் மரத்தில் உளியை வைத்தால் சுருள் சுருளாகச் சீவல் விழுகிறது. பார்த்ததும் கை துறுதுறுத்தது.

இந்த வடக்கத்தி ஊரில் எங்கள் தமிழ்க் காலனிப் பொங்கல் சந்தையில் பெண்கள் ஆளுக்கொரு மேசை போடுவோம். வழக்கமாக நான் ஊறுகாய். "இந்த வருஷம் பன்னெண்டு மர யோ-யோ, என் கையால" என்று வீட்டில் அறிவித்தேன்.

மருமகள் கவிதா சிரித்தாள். "அத்தை, பேசாம என் முறுக்கு மேசைக்கு வந்துடுங்க."

"ஒண்ணே ஒண்ணு மேல திரும்பி வரலன்னாலும் வரேன்டி. நீ சொல்ற மாதிரி முறுக்கு சுத்தறேன்."

மிஸ்திரி நல்ல மனுஷன். ஒரு வாரம் ஓரமாக ஓர் எந்திரம் கொடுத்தார். இரண்டு பாதியும் ஒரே கனம் இருக்க வேண்டுமாம். அளக்க, இரண்டு கால் வைத்த கருவி ஒன்றை நீட்டினார். "அம்மாஜி, நாப் லோ."

முந்நூறு பேருக்கு அளக்காமல் சாம்பார் வைத்தவள் நான். "பையா, மேரா கண்ணே நாப்!" என்றேன். (என் ஹிந்தி அப்படித்தான். கண்ணளவே போதும் என்று வீட்டிலும் வந்து பெருமையடித்தேன்.)

முதல் மூன்று நாள் இடப் பாதி பன்னிரண்டு, அடுத்த மூன்று நாள் வலப் பாதி பன்னிரண்டு. அடை வார்க்க வார்க்கக் கடைசி அடை தடித்துப்போகும் இல்லையா? வலப் பாதிகள் அப்படித் தடித்திருந்தன. எனக்குத் தெரியவில்லை. நடுவில் குச்சி வைத்து ஒட்டி, நூல் சுற்றி, மூட்டை கட்டினேன். ஒன்றையாவது விட்டுப் பார்த்தேனா? சாமிக்குப் படைக்குமுன் எதையும் ருசி பார்க்கிற வழக்கம் என் அடுப்படியில் கிடையாது. அதையே யோ-யோவுக்கும் கடைப்பிடித்தேன்.

சந்தையன்று நல்ல கூட்டம். நூலை விரலில் மாட்டி, "போயிட்டு வா கண்ணு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி விட்டேன். போனது. வரவில்லை. குடித்தவன்போல ஒரு பக்கம் சாய்ந்து, கிறுகிறுவென்று சுற்றி, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இரண்டாவதும் அப்படியே. எதையும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பன்னிரண்டையும் விட்டேன். ஏழாவதில் கூட்டம் உரக்க எண்ண ஆரம்பித்தது. பன்னிரண்டாவதுக்குக் கைதட்டல்.

தலை நிமிர்ந்தபடியே கவிதாவின் மேசைக்கு நடந்தேன். "சொல்லுடி, எவ்வளவு பெருசா சுத்தணும்?"

"கண்ணளவுதான் அத்தை" என்றாள். (பாவி!)

மறுவாரமே பட்டறைக்குப் போய், அந்த இரண்டு கால் கருவியை நானே கேட்டு வாங்கினேன். பதிமூன்றாவது யோ-யோ மேலே வந்தது. இன்றைக்கும் வருகிறது. அதனால் என்ன? தினமும் காலையில் கவிதா செருப்பை மாட்டிக்கொண்டே குரல் கொடுக்கிறாள்:

"போயிட்டு வரேன் அத்தை. பயப்படாதீங்க, நான் பதிமூணாவது."