மாமியார் ஏறிய கப்பல்

உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது என்று யாராவது ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. என் தலைதீபாவளியைக் கெடுத்தது மழையும் இல்லை, சாவுத் தீட்டும் இல்லை. உடற்பயிற்சிதான் கெடுத்தது. அதுவும் ஊரே கைதட்ட, விசில் ஊதிக் கெடுத்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. நான் பினாங்குப் பெண். மலாக்காவில், காஜா பேராங்கில் வாழ்க்கைப்பட்டு நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் என் வீட்டுக்காரர், அவர் தம்பி ராஜு, மாமியார், நான். அம்மாவைப் பார்க்காத ஏக்கத்தில் நான் தினமும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குப் பினாங்கு போய்விடலாம் என்ற ஒரே நினைப்பில்தான் சோறு இறங்கியது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் பெண் வீட்டில் இருக்க வேண்டும். அது ஆயுளில் ஒரு தடவைதான் வரும். அடுத்த வருஷம் வருவது வெறும் தீபாவளி.

எங்கள் வட்டாரத்தில் சிங்காரம் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது, இனி குடும்பங்களும் திடமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பாடாங் மைதானத்தில் மாதா மாதம் ஒரு கூட்டுத் தேகப்பயிற்சிப் போட்டி வைத்தார். (நாடு அவரிடம் கேட்டதா என்று தெரியவில்லை.) அந்த மாதத்துப் போட்டிக்குப் பெயர் ‘குடும்பக் கப்பல்’. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கப்பல். கரும்பலகையில் மலாக்கா, பினாங்கு, நாகப்பட்டினம் என்று சாக்பீஸால் கடல் வரைந்திருந்தார். வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் விடியற்காலையில் வந்து கையைக் காலை ஆட்டினால், அந்த வீட்டுக் காகிதக் கப்பல் கொஞ்சம் நகரும். ஒருவர் வராவிட்டாலும் அன்று துறைமுகத்தை விட்டுக் கிளம்பாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு குடும்பமும் ஆட்களையே கப்பலாகக் கட்டிப் பாடாங்கைச் சுற்றி ஓட்டிக் காட்ட வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆபீசில் நாற்காலியைத் தேய்க்கிற மனுஷன், இரண்டே நாளில் மாலுமி ஆகிவிட்டார். “கமலம், எழுந்திரு. நம்ம கப்பல் இன்னும் பினாங்கையே தாண்டல,” என்று இருட்டில் உலுக்குவார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு தெரு ஆட்கள் வேடிக்கை பார்க்க, குனிந்து கால் விரலைத் தொட்டேன். புதுப்பெண் செய்கிற காரியமா அது? மாமியார் மட்டும் பிரம்பு நாற்காலியோடு வந்தார். உட்கார்ந்தபடியே கையை இரண்டு தடவை தூக்கி இறக்கிவிட்டு வெற்றிலை மடித்தார். மாஸ்டர் அதையும் பயிற்சி என்று ஒப்புக்கொண்டார். என் முழங்கால் மட்டும் வளைந்தால் விசில் ஊதினார்.

நான் ஒரு நாள் பொறுமை இழந்து, “ஏங்க, பலகையில பினாங்கு போறது இருக்கட்டும், நெசமா எப்பப் போறோம்?” என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். கப்பல் டிக்கெட். “செவ்வாய்க்கிழமை கப்பல் லா. ஞாயித்துக்கிழமை போட்டி முடிஞ்சிரும். உனக்குப் பயிற்சியும் ஆச்சு, பயணமும் ஆச்சு.”

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அன்றே அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். அதற்குப் பிறகு நானும் குதித்துக் குதித்துப் பயிற்சி செய்தேன். (டிக்கெட்டைக் கண்டால் முழங்கால்கூட நேராகிவிடுகிறது.)

எங்கள் கப்பலின் அமைப்பு இது. இரண்டு மூங்கில் கழிகள். முன்னால் என் வீட்டுக்காரர் தோளில், பின்னால் ராஜு தோளில். நடுவில் பிரம்பு நாற்காலியைக் கட்டி, அதில் மாமியார். சுற்றிலும் பெட்ஷீட். சாமியைத்தான் அப்படித் தூக்குவார்கள். மாஸ்டரே பார்த்துவிட்டு, “இது கப்பலா, பல்லக்கா?” என்று கேட்டார்.

“பாசஞ்சர் கப்பல் மாஸ்டர்,” என்றார் இவர்.

மாமியாருக்கும் முன்னால் நடக்கிறவருக்கும் இடையில் நான். எனக்குப் புகைபோக்கி வேலை. கறுப்புத் தாள் ஒட்டிய தகரக் குழாயைச் சும்மா தூக்கிப் பிடித்தால் போதும் என்றார்கள். என் மூளை சும்மா இருந்ததா? கப்பல் என்றால் புகை வர வேண்டாமா என்று தூபக்காலில் கங்கு போட்டு, குழாய்க்கு அடியில் வைத்து, சாம்பிராணியைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். அடுத்த வீட்டுக் கப்பலுக்குப் புகை இல்லை என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

கிளம்புகிற நேரத்தில் மாமியார் மேலேயிருந்து கையைக் காட்டினார். “கமலம், எலுமிச்சம்பழம் வச்சியா?”

“எதுக்கு அத்தை?”

“புது வண்டிய எலுமிச்சம்பழம் நசுக்காம எடுப்பாங்களா?”

“இது வண்டி இல்லியே அத்தை.”

“ஆளை ஏத்திக்கிட்டுப் போறதெல்லாம் வண்டிதான். நான்ல மேல உக்காந்திருக்கேன்.” மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். தயாராகத்தான் வந்திருக்கிறார்.

“சக்கரத்துக்கு எங்க போறது?” என்று முனகினேன். மாமியார் மகனுடைய காலைப் பார்த்தார். புது வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. செவ்வாய்க்கிழமை கடலில் போகிறோமே, ஒரு பழத்தை வைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நானும் குனிந்து அவர் வலது காலுக்கு முன்னால் வைத்தேன். ஒரே அழுத்தில் நசுக்கிடுங்க என்று சொல்லவும் செய்தேன்.

மாஸ்டர் விசில் ஊதினார். அதே சமயம் பின்பக்கமிருந்து காற்று அடித்தது. சாம்பிராணிப் புகை மொத்தமும் முன்னால் போய் என் வீட்டுக்காரர் முகத்தை மூடியது. அவர் இருமிக்கொண்டே, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காலைத் தூக்கி வைத்தார். கார் சக்கரம் ஏறினால் பழம் நசுங்கும். மனுஷன் கால் ஏறினால் பழம் உருளும். இது எனக்கும் மாமியாருக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

அவர் விழுந்தார். முன்கழி விழுந்தது. மாமியார் நாற்காலியிலிருந்து வழுக்கி, என்னை உரசிக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியை விடாமல், மகன் கால்மேல் வந்து உட்கார்ந்தார். பெட்ஷீட் இருவரையும் மூடியது. பின்னால் ராஜு ஒன்றும் புரியாமல் கழியைத் தூக்கிக்கொண்டே நின்றான். நான் புகைபோக்கியைப் பிடித்தபடி, புகை விட்டுக்கொண்டு நின்றேன்.

பாடாங் முழுக்கக் கைதட்டல். கப்பல் மூழ்குவதை நடித்துக் காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். பெட்ஷீட்டுக்குள்ளிருந்து, “ஐயோ, அம்மா, எழுந்திரும்மா,” என்று இவர் கதறக் கதற, தட்டல் கூடியது. மாஸ்டர் ஓடிவந்து, “தத்ரூபமா செஞ்சிட்டீங்க லா,” என்று என் கையில் முதல் பரிசு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கணுக்கால் எலும்பு முறிவு என்றார்கள். முழங்கால்வரை மாவுக்கட்டு. மாதக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ராஜு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டு வந்து, “கப்பல் போயிருச்சு அண்ணி,” என்றான். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. படுக்கையில் கிடப்பவர்மேல் கோபப்பட முடியாது, மாமியார்மேல் கோபப்பட்டால் வீடு தாங்காது, என்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. மாஸ்டரைத் திட்டினேன். அவர் என்ன பாவம் செய்தார்?

நாங்கள் வர முடியாது என்று அடித்த தந்தி கிடைத்ததும் அப்பா மட்டும் ரயில் ஏறி வந்தார். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியவில்லை. அவள் சுட்ட அதிரசமும் முறுக்கும் எடுத்துவைத்த பட்டுச்சேலையும்தான் வந்தன.

தீபாவளி விடியலில் அப்பா மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்தார். மாவுக்கட்டில் தண்ணீர் படாமல் ராஜு அண்ணன் காலைத் தூக்கிப் பிடிக்க, மாமியார் அதற்குக் குடை பிடிக்க, நான் தலையில் வெந்நீர் ஊற்றினேன். அப்பா அந்தக் காட்சியை வெகுநேரம் பார்த்தார். “நானும் எவ்வளவோ மாப்பிள்ளைங்களப் பாத்திருக்கேன். கரையிலயே கப்பல் கவுத்த மாப்பிள்ளை எனக்கு மட்டுந்தான் கிடைச்சாரு,” என்றார். முதலில் மாமியார்தான் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே சிரித்ததில் வெந்நீரைக் கட்டின்மேலேயே ஊற்றிவிட்டேன்.

அப்பா ஊருக்குப் போய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து பினாங்கில் என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இவர் ‘கப்பல் மாப்பிள்ளை’. இளசுகளுக்குக் காரணம் தெரியாது, கப்பல் ஏதோ சொந்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் அங்கே ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் இவரிடம் பணிவாகக் குனிந்து, “ஐயா, என் மகன் சும்மா இருக்கான். உங்க கப்பல்ல ஒரு வேலை பாத்துக் குடுக்க முடியுமா?” என்று கேட்டார்.

இப்போதாவது மனுஷன் உண்மையைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். இவர் நிதானமாகப் பாயசத்தைக் குடித்து முடித்தார்.

“முன்னாடி ஆள் வேணும்னுதான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்,” என்றார். “உங்க மகனுக்குத் தோள் எப்படி, பலமா?”