கருவாட்டுச் சம்பல் ஏலம் போன கதை

கூச்சம் பிடித்த மனுசிக்கு வாயில் வருவது எதற்கும் ஆமென்கிற ஒரேயொரு சொல்தான்: "ஓம்." ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றதும் அப்படித்தான். "இனி வரமாட்டியோ பிள்ளை?" என்று வாத்தியார் கேட்டார். "ஓம்" என்றேன். (வேறென்ன சொல்ல?)

அந்த "ஓம்" ஒருநாள் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

என் மூத்தவன் ராசன் ஒரு மிஷன் பள்ளிக்கூட விடுதியில் நின்று படித்தான். சோதனை கிட்டும் நேரம், "அம்மா, இங்கத்தைச் சாப்பாடு தொண்டைக்குள்ளாலை இறங்குதில்லை" என்று சொல்லி அனுப்பினான். தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். வல்வெட்டித்துறையிலிருந்து நான் தனியப் புறப்பட்டேன். பனையோலைப் பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம், பொரிவிளாங்காய். நடுவில் ஒரு பெரிய போத்தல் கருவாட்டுச் சம்பல். அந்த வாசத்துக்குப் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. (நல்ல வசதியாய்ப் போனேன்.)

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெடியள் எல்லாரும் தேவாலயத்துக்குள். வாசலில் நின்ற வெள்ளைச் சேலை அம்மா ஒருவர் என்னைக் கண்டதும் சிரித்தபடி வந்தார்.

"காணிக்கையோ? தாங்கோ, முன்னுக்குக் கொண்டுபோய் வைக்கிறன்."

"ஓம்."

எங்கள் அம்மன் கோயிலில் அருச்சனைத் தட்டைக் கொடுத்தால், பூசை முடிய ஐயர் திருப்பித் தருவார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். சோதனைக்கு முன் பெட்டிக்கு ஒரு பூசை நடந்தால் நல்லதுதானே! பெட்டி பீடத்தடியில் போய் இருந்த பிறகுதான் நினைவு வந்தது. ஐயோ, சாமிக்கு முன்னாலை கருவாடு!

சுற்றிவர வாழைக்குலை, பூசணிக்காய், வெங்காயப் பிடி, கால் கட்டின ஒரு சேவல். அன்றைக்கு அவர்களுடைய அறுப்புப் பண்டிகையாம். விளைந்ததைப் படைத்து, பிறகு ஏலம் விட்டு, காசைக் கோயிலுக்குச் சேர்ப்பார்களாம். (எனக்கு ஆர் சொன்னது?) போதகர் செபத்தின் நடுவில் இரண்டுதரம் மூக்கைத் துடைத்தார். சேவல் மட்டும் என் பெட்டியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

ஆராதனை முடிய, மரத்தடியில் ஏலம். என் பெட்டியின் முறை வந்தது. தடித்த கணக்கு வாத்தியார் ஒருவர் போத்தல் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். உடனே விலை கேட்கத் தொடங்கிவிட்டார்.

"ஒருதரம்! ரெண்டுதரம்!"

என் முந்தானை முடிச்சில் இருந்தது பஸ் காசு மட்டும். பெடியளுக்கு நடுவில் ராசன் வாய் பிளந்து நின்றான். பிள்ளையின் சாப்பாடு இன்னொருவர் வீட்டுக்குப் போகப் போகிறது. எங்கிருந்துதான் எனக்குக் குரல் வந்ததோ!

"அது என்ரை பிள்ளைக்கு!"

"எந்தப் பிள்ளையணை?" என்று யாரோ கேட்க, ராசன் மெல்லக் கையை உயர்த்தினான்.

"அந்தா, தம்பி கூட்டிக் கேக்கிறார்!" என்று கத்தினார் ஏலம் கூறினவர்.

சிரிப்பில் மரத்துக் காகமெல்லாம் பறந்தது. வாத்தியாரோ விடவில்லை. இன்னும் கூட்டிக் கேட்டு, காசைக் கட்டி, பெட்டியோடு நேரே என்னிடம் வந்தார்.

"அம்மா, பெட்டி தம்பிக்கு. போத்தல் எனக்கு. சரியோ?"

"ஓம்" என்றேன். (ராசன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் காத்திருந்ததே போத்தலுக்குத்தான்.)

அதற்குப் பிறகு, அவன் படித்து முடிக்கும்வரை விடுதிக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு போத்தல் போனது.

இப்போது ராசன் தன் மகளுக்கு விடுதிக்குச் சாப்பாடு கட்டுகிறான். கட்டி முடிந்ததும் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, "ஒருதரம்!" என்பான். "ரெண்டுதரம்!" என்று குசினிக்குள்ளிருந்து மருமகள் குரல் கொடுப்பாள். பிறகு இரண்டு பேரும் "ஓம்" வருமென்று என் வாயைப் பார்ப்பார்கள்.

நான் வாயே திறப்பதில்லை.