கோமளத்துக்கு வந்த விளம்பரம்

உக்காருங்கப்பா, உக்காருங்க. இவ்ளோ பெரிய மாடியில உக்கார எடமா இல்ல? பேச்ச நிறுத்துங்க. மைக்கேல்ராஜு, நீ ஃபர்ஸ்ட்டு வாய மூடு. இந்தக் கதையில பாதி தப்பு உன்னுது. நடுவுல பூந்து "நான் அப்படிச் சொல்லல குரு"ன்னு ஆரம்பிக்கக் கூடாது.

கோமளத்துக்கு அதச் சொல்ல வேண்டியதில்ல. அதோ மூலையில அவரைக்கொட்டை பிதுக்கிக்கினு கீறா. என் பொண்டாட்டி ஒரு நாளைக்குப் பேசறதே எட்டு வார்த்தை. அதுல ரெண்டு, "சாப்ட வாங்க".

போன திங்கக்கெழம அந்த எட்டும் நின்னுபோச்சு. தட்டு வருது, சோறு வருது, வார்த்தை வரல. நான் இன்னா தப்பு பண்ணேன்? உக்காந்து யோசிச்சா பதினாலு தப்பு ஞாபகம் வருது. அதுல எதுன்னு தெரியல. அவளையே கேக்கலாம். கேட்டு, அவளுக்குத் தெரியாத மீதி பதிமூணும் வெளிய வந்துட்டா?

அதே நேரம் எனக்கு போன்மேல ஒரு கடுப்பு. ஒரே வாட்டி, சும்மானா, ஒரு செருப்பப் பாத்தேன். வாங்கக்கூட இல்ல. அன்னிலேர்ந்து செருப்பு என்கூடவே நடக்குது. கிரிக்கெட் ஸ்கோர் பாத்தா செருப்பு. முருகன் பாட்டு வெச்சா, முருகனுக்கு முன்னாடி செருப்பு.

மைக்கேல்ராஜ கேட்டேன். ஐயா சாஃப்ட்வேர் கம்பெனி கேன்டீன்ல டீ மிசின் பாத்துக்கறாரு. அதனால இஞ்சினீருங்களுக்கெல்லாம் இஞ்சினீரு. கழுத்துல தொங்கற கார்ட தடவிக்கினே சொல்றான்:

"நீ எத பாக்குற, எங்க நிக்கிற, எத்தினி செகண்டு நிக்கிற, எல்லாம் எழுதிக்குவான் குரு. டேட்டா. உன் மனசுல இருக்கறது உனக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டானே. நீதான் ஓகே அமுக்குன."

"அமுக்குனாத்தானேடா உள்ள வுடறான்?"

"அதுக்குப் பேருதான் கேக்கறது."

எனக்குக் கொதிச்சுது. ஒரு மனுசன் மனசுக்குள்ள அவனுக்கே தெரியாம பூந்து பாக்கறதா? இன்னா அநியாயம். மூணு டீ முடியற வரைக்கும் நியாயம் பேசனேன். நாலாவது டீயில பல்பு எரிஞ்சுது. அப்போ கோமளம் மனசுல இன்னா கீதுன்னு கோமளம் போனுக்குத் தெரியுமே.

செவ்வாக்கெழம காலையில கீழ கொழாயில காவேரி தண்ணி வுட்டாங்க. அவ கொடத்த எடுத்துக்கினு எறங்கனா. நமக்கு டைல்ஸ் ஒட்டற வேலை; கெளம்பறதுக்கு முன்னாடி, தெனமும்போல, சந்துக்குப் பூச வெள்ளை சிமெண்டு கலந்து பாத்துக்கினு இருந்தேன். அப்படியே ஓடிப்போயி சார்ஜ்ல இருந்த போன எடுத்தேன். தொறந்தா, விளம்பரம் பூரா தரை தொடைக்கற மாப்பு. தானா சுத்தற மாப்பு, தானா புழியற மாப்பு.

ஓ, இதானா கோவம்? சாயந்தரம் வந்து வூட்டத் தொடச்சேன். கட்டிலுக்கு அடியிலகூட. அவ பாத்தா. தட்ட வெச்சிட்டுப் போனா.

அடுத்த நாள் சோப்பு. ஆம்பளைங்க சோப்பு, வேர்வை நாத்தத்துக்குப் பவுடரு. மனசு கொஞ்சம் வலிச்சுது. ஆனா டேட்டா பொய் சொல்லாதில்ல? ரெண்டு வேள குளிச்சேன். அவ மோந்து பாத்துட்டு உள்ள போயிட்டா.

வியாழக்கெழம தொறந்தேன். பெரிய சூட்கேஸ். அதுக்குக் கீழ, ஊருக்கு வெளிய அத்திபெலேல வாடகைக்கு சிங்கிள் ரூம். ஒருத்தருக்கு மட்டும்.

அத்திபெலேல அவ தங்கச்சி கீது. இருவது வருசக் குடும்பம், எவனோ ஒருத்தன் செகண்டு எண்ணி முடிச்சு வெச்சிட்டான். அவ கொடத்தோட மேல வர்றா, நான் அடுப்பாண்ட உக்காந்து அழுவறேன். எல்லாத்தையும் ஒத்துக்கினேன். போன நோண்டனது, படிச்சது, அந்தப் பதினாலு தப்பு உள்பட. பதினாலும்.

கோமளம் கொடத்த எறக்கி வெச்சா. போன எடுத்து வெளிச்சத்துல சாச்சுக் காட்டுனா. கண்ணாடி மேல அஞ்சு வெரலு, வெள்ளை சிமெண்டுல, அச்சு அச்சா.

"மொத நாளே தெரியும்"ன்னா. "சும்மாதான் மாப்பு பாத்துக்கினு இருந்தேன், தொடச்சீங்க. அப்புறம் வேணும்னே சோப்பு பாத்தேன். குளிச்சீங்க."

"அந்த ரூமு?"

"இன்னா பண்ணுவீங்கன்னு பாத்தேன்."

சொல்லுங்கப்பா. நான் அவள நோட்டம் பாத்தா, அவ என்னை வெச்சு டெஸ்ட் பண்ணியிருக்கா. புருசன ஏமாத்தறது நியாயமாடின்னு கேட்டேன். "நீங்க என்னைக் கேட்டுட்டா போன எடுத்தீங்க?"ன்னா. மைக்கேல்ராஜு, நீ சொல்லேன் பதிலு, சும்மா கார்ட தடவாத.

ஆனா திங்கக்கெழம ஏன் பேச்ச நிறுத்தனா? அது இன்னிக்கி வரைக்கும் தெரியல. இப்ப இத்தினி பேரு சாட்சி. நான் போன்கிட்ட கேக்கல, அவளையேதான் நேரா கேக்கறேன். ஏ கோமளம், உண்மையா சொல்லு, உனக்கு இன்னாதான் வேணும்?

கோமளம் தலைய நிமிக்கல. ஒரு கொட்டையப் பிதுக்கிக் கிண்ணத்துல போட்டா.

"நாளைக்கி விளம்பரத்துல வரும். பாத்துக்கங்க."