கிரீச் அண்ணன் வீட்டுக்கு வந்த சத்தம்

சிங்கப்பூரில் ஓடுகிற எந்த வண்டியின் பிரேக்கையும் வாயாலேயே போட்டுக் காட்டக்கூடிய ஒரே மனிதர் எங்கள் கிரீச் அண்ணன்தான். இதை மறுப்பவர்கள் அவரோடு ஒருநாளும் சிராங்கூன் ரோட்டில் தோசை சாப்பிட்டதில்லை என்று அர்த்தம்.

வெளியே பஸ் வந்து நிற்கும். அண்ணன் தோசையைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடி, "க்ரீ...ய்ய்ச்!" என்பார். பக்கத்து மேசைக்காரர் பதறிப்போய்த் தே தாரிக் டீயைச் சட்டையில் கொட்டிக்கொள்வார். "முன் சக்கரம் லா, இடது பக்கம். பிரேக் பேடு ஓரத்தைச் சீவணும்," என்று சொல்லிவிட்டு அண்ணன் சட்னி கேட்பார்.

கிளமெண்டியில் எங்கள் அலுவலகம். கார் பிரேக் போடுகிற சத்தத்தைக் கணினியிலேயே பிடித்து அடக்குவது எங்கள் வேலை. சக்கரத்தின் இரும்புத் தட்டும் அதைக் கவ்வுகிற பேடும் ஒரே சுருதியில் அதிர்ந்தால் கிரீச். திரையில் பேடின் ஓரத்தைக் கொஞ்சம் சீவிப் பார்ப்போம். சுருதி பிரிந்தால் அமைதி. கணினி இரண்டு நாள் கணக்குப் போட்டுச் சொல்வதை அண்ணன் வாயால் அதற்கு முன்பே சொல்லிவிடுவார். பாதி நேரம் தப்பாகச் சொல்வார், அது வேறு விஷயம்.

கொடுமை என்னவென்றால், அவருடைய சொந்தக் கார்தான் அலுவலகத்திலேயே பெரிய கிரீச். ஊருக்குத்தான் உபதேசம் என்று கிண்டல் செய்வோம். "இருக்கட்டும் லா," என்பார்.

அவருடைய ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நாங்கள் மூன்று பேர் ஒரு மேதாவித்தனம் செய்தோம். அவர் கார் பிரேக்கை அளந்து கணினியில் ஏற்றி, கோளாறைக் கண்டுபிடித்து, அவர் மீட்டிங்கில் இருந்த நேரத்தில் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீவிய பேடை மாட்டிவிட்டோம். பழையதைக் குப்பையில் போட்டோம்.

மறுநாள் அண்ணன் வந்தார். "என் பிரேக்க யாருப்பா தொட்டது?" என்றார். நாங்கள் கைதட்டினோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை போய் ஆறு வருஷமாம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வீடு ஈசூனில் நாலாவது மாடி. கீழே கார் கிரீச் கேட்டதும் அந்த அக்கா வந்து வாசல் கேட்டைத் திறந்துகொண்டு நிற்பாராம். முந்தின நாள் சாயங்காலம் கிரீச் இல்லாமல் சாவி சத்தம் மட்டும் கேட்க, யாரோ என்று பதறி எழுந்தவர் ஸ்டூல் தடுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். என் வாழ்நாளில் அப்படி நான் வெட்கப்பட்டதில்லை.

சத்தத்தை ஒழித்தே பிழைத்த நாங்கள், முதல்முறையாக ஒரு சத்தத்தை உண்டாக்கக் கணினியோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் ஒரு கிரீச் வந்தது; அந்தப் பேடை அண்ணன் காரில் மாட்டினோம். அக்கா கேட்டுவிட்டு, "இது வேற யாரோட காரோ, என்னங்க," என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் அண்ணன் யோசிக்கவே இல்லை. தினமும் சாயங்காலம் காரை நிறுத்திவிட்டு, கார்பார்க்கில் நின்று தலையைத் தூக்கி, வாயாலேயே பழைய கிரீச்சைப் போட்டார். யாரோ புகார்கூடக் கொடுத்தார்கள். ஆனால் மேலே கேட் திறக்கும். அக்கா சிரிப்பது கீழே வரைக்கும் கேட்கும்.

போன மாதம் அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்து அண்ணனை என் காரில் கொண்டுபோய் விட்டேன். என் கார் சத்தமே இல்லாமல் நின்றது. அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் இறங்கினார், நாலாவது மாடியைப் பார்த்தார், வாயைக் குவித்தார்.

"வரலப்பா," என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. நான் கத்தினேன்: "க்ரீச்!"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுருதி இறங்கியிருக்கு லா. இன்னும் மேல ஏத்து," என்றார்.

ஏற்றிக் கத்தினேன். கார்பார்க்கே திரும்பிப் பார்த்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சரி," என்றார். "அவ கேட்டைத் திறந்திருப்பா."