சிஞ்ஞோராவின் கதவில் ஊதா ரிபன்

படிக்காதவன் பிழை விட்டால் மன்னிப்புக் கேட்பான். படித்தவன் பிழை விட்டால் ஆதாரம் காட்டுவான். நான் மன்னாரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். மறைக்கல்வியும் படிப்பித்திருக்கிறேன். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவி ஓய்வு பெற்ற பிறகும், இந்த ஆதாரம் காட்டும் வியாதி மட்டும் என்னை விடவில்லை.

சில வருடங்களுக்கு முந்திய மார்கழி. என் மனைவி பிலோமினா, நகரின் கால்சாப் பகுதியில் தனியாக வாழும் கார்மேலா என்ற மூதாட்டியின் வீட்டில் வேலை செய்தாள். சமையல், துடைப்பு, மருந்து கொடுப்பது எல்லாம் அவள்தான். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து பிலோமினா படுத்துவிட்டதால், அந்த மாதம் அவளுக்குப் பதிலாக நான் போனேன். வேலை வேறு யாருக்கும் போய்விடக் கூடாது. அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் தங்கும் அனுமதி, அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

"அங்கை போய் உங்கட வாத்தியார் வேலையைக் காட்டாதேங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ஒருநாள் சிஞ்ஞோரா (அம்மையாரை அப்படித்தான் கூப்பிடவேண்டும்) கடையில் வாங்கிய ஒரு வளையத்தை என்னிடம் நீட்டினார். ஊசியிலைக் கொப்புகளை வட்டமாகக் கட்டிய வெறும் பச்சை வளையம். பூவும் இல்லை, மணியும் இல்லை. கிறிஸ்து பிறப்புப் பெருநாளான நத்தாருக்காக வாசல் கதவில் தொங்கவிடுவது.

"புரொபெஸோரே, இதை வடிவாச் சோடிச்சு, கீழ் வாசல் கதவிலை கொழுவும்."

(புரொபெஸோரே என்றால் வாத்தியார். அவர் பேசியது இத்தாலியன். என் நினைவில் அது எங்கள் தமிழில்தான் பதிந்திருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எல்லோரும் சிவப்பு ரிபன் கட்டுவார்கள். நான் கட்டுவேனா? நத்தாருக்கு முந்திய வாரங்கள் திருவருகைக்காலம். திருச்சபை அதற்குக் குறித்த நிறம் ஊதா. பலெர்மோ முழுவதும் பிழையாகச் சோடித்துக்கொண்டிருப்பதைத் திருத்தத்தான் கடவுள் என்னைக் கப்பலேற்றாமல் விமானத்திலேயே அனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது.

வீட்டில் என் திட்டத்தைச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, ஊரிலை இது செத்த வீட்டுக்கல்லோ கொண்டு போறது?" என்றாள் பிலோமினா.

"அது ஊர். இது ஐரோப்பா. உனக்கு வழிபாட்டு நிறங்கள் தெரியுமோ?"

"எனக்குச் செத்த வீடு தெரியும்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பல்லரோ சந்தைக்குப் பக்கத்துப் பூக்கடையில் அகலமான ஊதா ரிபன் கிடைத்தது. அதில் பொன்னிற எழுத்தும் ஒட்டித் தருவார்களாம். "எங்கள் அன்புக் கார்மேலாவுக்கு" என்று ஒட்டச் சொன்னேன். கடைக்காரர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் வரைந்தார். குரலையும் தாழ்த்தினார், விலையையும் குறைத்தார். எவ்வளவு பக்தியான மனிதர் என்று நெகிழ்ந்துபோனேன்.

மறுநாள் காலை கீழ் வாசலில் மாட்டினேன். மாடிக்குப் போய் சிஞ்ஞோராவுக்குக் கோப்பி கொடுத்துவிட்டு பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், எதிர்க் கோப்பிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். சோம்பேறி என்று நினைத்தேன். சற்று நேரத்தில் மேல்மாடி அசுந்தா ஒரு பெரிய சட்டி சூப்புடன் வந்து, என் தோளில் சாய்ந்து அழுதார்.

"அழாதேங்கோ, நத்தார் வருது" என்றேன்.

(மன்னாரிலும் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டு வருவார்கள். அதெல்லாம் தெரிந்த நான் சட்டியை வாங்கி, "உப்பு அளவோ?" என்று கேட்டேன்.)

"ஆர் அங்கை அழுறது?" என்று நடைதாங்கியைத் தள்ளிக்கொண்டு சிஞ்ஞோரா வெளியே வந்தார். அசுந்தா அலறிய அலறலில் எதிர்க்கூரைப் புறாக்களெல்லாம் எழும்பிவிட்டன.

வளையம் மேலே வரவழைக்கப்பட்டது. சிஞ்ஞோரா தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இது சவப்பெட்டிக்கு வைக்கிறது."

"இல்லை சிஞ்ஞோரா, திருவருகைக்கால வளையம். போன ஞாயிறு பாதர் என்ன நிறம் உடுத்தவர்?"

"பாதர் என்ர பேரைப் பொன் எழுத்திலை ஒட்டிக்கொண்டோ பூசை வைச்சவர்?"

இதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை.

"நாளைக்கு நீர் வரவேண்டாம். உம்மட மனிசியும் வரவேண்டாம்."

அந்த இடத்தில் நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நானோ, "நிறம் சரி" என்றேன்.

அப்போதுதான் படிக்கட்டில் ஒப்பாரி கேட்டது. கோப்பிக்கடைக்காரர் பிலோமினாவுக்கும் செய்தி சொல்லியிருக்கிறார். அவள் புது முழங்காலோடு ஊன்றுகோலை ஊன்றி மூன்று மாடி ஏறிக்கொண்டிருந்தாள்.

"என்ர அம்மா, நான் இல்லாத நேரமாப் பாத்துப் போட்டியளே! இந்தப் படிச்ச மனுசனிட்டை உங்களை விட்டிட்டுப் படுத்தனே!"

வாசலுக்கு வந்தவள் சிஞ்ஞோராவைக் கண்டாள். ஊன்றுகோல் கை நழுவி விழுந்தது. முதலில் அவரைக் கட்டிப்பிடித்தாள். பிறகு குனிந்து ஊன்றுகோலை எடுத்தாள். (எதற்கென்று விளக்கத் தேவையில்லை.)

சிஞ்ஞோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அழுகை தெரியும். தன் கைலேஞ்சியால் பிலோமினாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, "உன்ர வேலை உனக்குத்தான் பிள்ளை" என்றார். "இவரை மட்டும் கட்டி வை."

"மிலானோவிலை இருக்கிற உங்கட மகனுக்கும் சொல்லியாச்சு" என்றார் அசுந்தா, தயங்கித் தயங்கி. நான் பாய்ந்து தொலைபேசியை எடுத்தேன்.

"போனை வையும்" என்றார் சிஞ்ஞோரா. "வளையத்தைத் திரும்பக் கொழுவும். ஒவ்வொரு நத்தாருக்கும் வேலை, வேலை எண்டவன் இப்ப வாறானோ பாப்பம்."

பின்னேர விமானத்தில் மகன் வந்தான். வளையத்தைக் கண்டு, கண்ணீரும் மூச்சிரைப்புமாக ஏறி வந்தவனுக்குக் கதவைத் திறந்தவர் தாயேதான்.

"வழி தெரிஞ்சுதோ? இரு, சூப் இருக்கு."

இப்போது அவன் ஒவ்வொரு நத்தாருக்கும் கூப்பிடாமலே வருகிறான். வளையத்தைச் சோடிப்பவள் பிலோமினா, சிவப்பு ரிபனால். பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் என் வேலை. வீட்டில் நான் "எனக்குத் தெரியும்" என்று தொடங்கினாலே போதும், பேத்தி கேட்டுவிடுவாள்: "அப்பப்பா, ஊதாவோ?"

மழை நாட்களில் பிலோமினாவுக்கு அந்த முழங்கால் நோகும். எண்ணெய் தேய்த்துவிடுவது நான்தான். தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவள் ஏறிய அந்தப் படிகளுக்காக.

படிகளுக்காக மட்டும். நிறம் சரி.